நான்காவது பாத்தி

நவம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் குறையில்லாமல் இருக்கிறோம். மாமாவின் குறட்டையும் நல்ல சுகம். உன் உடம்பு, உன் முழங்கால், உன் உம்மணாமூஞ்சி, மூன்றும் எப்படி இருக்கின்றன என்று தனித்தனியாக எழுது.

அந்த உப்புக்காட்டுச் சோதனைப் பண்ணையில் போனில் மணியே அடிக்காதாமே. அதனால் மண் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அங்கே வந்து, மண் மாதிரியை ஏற்றிக்கொண்டு மறுநாள் இங்கே திரும்புகிறவர். பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை. படித்தாலும் என் கையெழுத்து அவருக்கு விளங்காது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நான் அதை விடவில்லை.

உன்னைத் தண்ணீர் பாய்ச்சும் வேலைக்குச் சேர்த்தவள் நான். கண்ணாடியம்மாவிடம், அதுதான் எங்கள் விஞ்ஞானியம்மா, நெற்றியில் ஒரு கண்ணாடி மூக்கில் ஒரு கண்ணாடி, அவரிடம் "என் தம்பி பேசமாட்டான், ஆனா சொன்னதைச் செய்வான்" என்று சொல்லியிருக்கிறேன். நாற்பது வயசில் நீ என் மானத்தை வாங்காதே.

பத்தொன்பது வருஷமாக அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, இப்போது கேள். கோதுமைக்குக் கல்யாணத் தரகர் வேலை. ஒவ்வொரு பூவுக்குள்ளும் மூன்று பச்சைப் பை இருக்கும், அதுதான் வீட்டு மாப்பிள்ளை. அது முற்றி மகரந்தம் கொட்டுவதற்கு முன்னால் இடுக்கியால் பிடுங்கி எறிந்துவிட்டு, கதிருக்குக் காகித உறை மாட்டி, மூன்றாம் நாள் வெளியூர் மாப்பிள்ளையின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். ஒரு பையை விட்டுவிட்டால் போச்சு, கல்யாணம் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

அப்படி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் முடித்துவைத்த சம்பந்தத்தில் பிறந்தவள்தான் நாற்பத்தேழு, எண்ணேதான் பெயர். அவளைப் பெற்றவள் உப்பிலும் உயிரோடு இருப்பாள், ஆனால் கஞ்சப்பிசினாறி, கதிருக்கு இருபது மணிகூடத் தரமாட்டாள். அப்பன் வாரிக் கொடுப்பான், உப்பைக் கண்டால் படுத்துவிடுவான். மகளுக்குத் தாயின் பிடிவாதமும் அப்பனின் தாராளமும் சேர்ந்து வந்திருந்தால் நம் அண்ணன் நிலம் பிழைத்தது. ஏழு வருஷமாக வெள்ளை பூத்துக் கிடக்கிறது அது. இறால் குளம் வெட்டுகிறவர்கள் குத்தகைக்குக் கேட்டு வாசலுக்கு நடக்கிறார்கள். ஏப்ரலுக்குள் பதில் வேண்டுமாம். வெட்டினால் அது நிலம் இல்லை, குட்டை. அண்ணன் எனக்காகப் பொறுத்திருக்கிறார்.

இந்த வருஷம் உப்புக்காட்டில் அவள் தேறிவிட்டால் ரகத்தை வெளியிடுகிற காகிதத்தில் "ஒட்டுக் கட்டியவர்" என்று என் பெயரையும் போடுவாராம் கண்ணாடியம்மா. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ரேஷன் அட்டையைத் தவிர என் பெயர் எங்கேயும் அச்சில் வந்ததில்லை.

அவளைப் பார்த்துக்கொள்.

அன்புடன் அக்கா

*

டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம் என்று அறிந்தேன். முழங்கால் பரவாயில்லை.

விதைத்தாகிவிட்டது. பன்னிரண்டு ரகம். ஒவ்வொன்றும் நாலு பாத்தி, நாலு வேறு இடத்தில். ஒரு பாத்தி ஒரு கட்டில் அகலம், இரண்டு கட்டில் நீளம். உப்பு ஒரு இடத்தில் கூட, ஒரு இடத்தில் குறைய இருக்குமாம், அதனால் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை உப்புக் கிணற்றுத் தண்ணீரை எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவாகப் பாய்ச்ச வேண்டும். நல்ல தண்ணீர் ஒரு சொட்டு படக்கூடாது. குடிக்க, சமைக்க வாரம் ஒருமுறை லாரியில் வருகிறது, தொட்டியில் பிடித்துக்கொள்கிறோம்.

இங்கே நானும் மேற்பார்வையாளரும் மட்டும். மதியம் சாப்பிட்டால் மூன்று மணி வரை அவருக்குத் தூக்கம். மற்ற நேரம் ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். நாற்பத்தேழின் நான்காவது பாத்தி அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி

*

ஜனவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா, மாமா, குறட்டை எல்லோரும் நலம். உன் நலத்தைத்தான் பிடுங்கிப் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. அது கடிதமா, மின்கட்டண ரசீதா?

இங்கே என்னோடு ஒட்டுக் கட்டுகிற ஊசியை உனக்குத் தெரியும், ஒல்லியாக, குத்தலாகப் பேசுவாளே, அவளே. அவள் கட்டிய முப்பத்தொன்றாம் ரகமும் உங்கள் பன்னிரண்டில் இருக்கிறது. குட்டையாக, மீசையில்லாத கதிராக இருக்கும், மொட்டை. "உன் மொட்டை உப்புல நிக்குதா, இல்ல உக்காந்திருக்குதா?" என்று தினமும் கேட்கிறேன். அவள் "உன் சீமாட்டி நின்னா போதும்" என்கிறாள்.

போன வண்டியில் உன் கடிதம் வரவில்லை. அண்ணன் ஆள் அனுப்பிக் கேட்டார், "நிக்குமா நிக்காதா, ஒரே வார்த்தை சொல்லச் சொல்லு." நான் என்ன சொல்ல? நீதான் பக்கத்தில் இருக்கிறாய். நாற்பத்தேழு எப்படி இருக்கிறாள்? ஒரு வார்த்தை எழுது. பொய்யாவது எழுது, அக்கா இரண்டு நாள் தூங்குவேன்.

அன்புடன் அக்கா

*

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

நாற்பத்தேழு நன்றாக இருக்கிறது.

தோள்பட்டையில் கொஞ்சம் வலி. தைலம் இருந்தால் வண்டியில் அனுப்பு.

தம்பி

*

பிப்ரவரி 14

என் ராசா,

அக்கா நலம், நலம், நலம்! மாமாவுக்குச் சளி, அது கிடக்கட்டும். தைலம் போன மாதமே அனுப்பினேனே, வலி விட்டதா? தண்ணீரைத் திறந்துவிடுகிற வேலையில் தோள் எப்படியடா வலிக்கும்? மூட்டை தூக்குகிறாயா?

உங்கள் மேற்பார்வையாளர் போட்ட மதிப்பெண் தாள் நேற்று வந்தது. கண்ணாடியம்மா நெற்றிக் கண்ணாடியையும் இறக்கி இரண்டையும் ஒன்றாக மாட்டிக்கொண்டு பார்த்தார். நாற்பத்தேழு முதல் இடம்! இரண்டாவது யார் தெரியுமா, ஊசியின் மொட்டை, ஆனால் எட்டாத தூரத்தில். நான் ஊசியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஆடினேன். "விடுடி, இடுக்கி குத்தப்போகுது" என்று அவள் உதறினாள்.

அன்று மத்தியானமே அண்ணனுக்கு எழுதிவிட்டேன். "நிக்கிறா. குத்தகைக்காரங்களைக் கும்பிடு போட்டு அனுப்பிடுங்க" என்று. 

வண்டிக்காரர் ஒரு சேதி சொன்னார். உங்கள் குடிதண்ணீர்த் தொட்டி அஞ்சாம் நாளே காலியாகிறதாம், மேற்பார்வையாளர் ஓட்டையைத் தேடித் தேடிச் சலித்துவிட்டாராம். என்னடா, நீ குளிக்க ஆரம்பித்துவிட்டாயா?

இனி எனக்கு எண்ணும் தேதியும் வேண்டாம். வெற்றிச் சேதி வந்தாயிற்று. ஒரு பக்கம் நிறைய ஏதாவது எழுது. வானம், செருப்பு, களை, எதுவானாலும் சரி. என் மகள் நிற்கிற இடத்தை நான் கண்ணால் பார்த்தது போல இருக்க வேண்டும்.

அன்புடன் அக்கா

*

பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவுக்குச் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதால் எண் இல்லாமல் எழுதிப் பார்க்கிறேன். காலையில் வயல் வெள்ளையாக இருக்கும். சோப்புத் தண்ணீர் காய்ந்த தரை போல. வெயில் ஏறினால் கண் கூசும். என் செருப்பின் தையலை உப்பு தின்றுவிட்டது, கம்பியால் கட்டியிருக்கிறேன். பறவை அதிகம் இல்லை. காற்று மட்டும் பகலெல்லாம் அடிக்கும், வாயில் உப்புக் கரிக்கும்.

இந்த வாரம் முழுவதும் களை எடுத்தேன். எல்லாப் பாத்தியிலும் உப்பில் வளர்கிற உமரிதான். தடித்த தண்டு, பிடுங்கினால் விரலில் தண்ணீர் வடியும். நாற்பத்தேழின் பாத்திகளில் மட்டும் மணத்தக்காளி முளைத்திருக்கிறது. மூன்று பாத்தியிலும் உண்டு. ஒன்றில் பழம் கறுத்துவிட்டது. பிடுங்க மனமில்லாமல் நாலு பழம் பறித்துத் தின்றேன். இனிப்பாக இருந்தது.

போதுமா? ஒரு பக்கம் வந்துவிட்டது.

தம்பி

*

மார்ச் 2

தம்பி,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. வண்டிக்குக் காத்திராமல் தபாலில் போடுகிறேன்.

மணத்தக்காளி உப்பில் முளைக்காது. தப்பித்தவறி முளைத்தாலும் இரண்டு இலை விட்டுச் சுருண்டுவிடும். பழம் பழுக்காது, பழுத்தாலும் இனிக்காது. பத்தொன்பது வருஷம் களை பிடுங்கிய கை இது. கோதுமையைப் பற்றி நான் ஏமாறலாம், களையைப் பற்றி ஏமாறமாட்டேன்.

எழுத்தாலேயே கேட்கிறேன், எழுத்தாலேயே பதில் சொல். நாற்பத்தேழின் பாத்திகளில் மட்டும் அது எப்படி வந்தது? நாலு பாத்தி இருக்கிறதே, மூன்று என்று ஏன் எழுதினாய்? நான்காவதில் என்ன இருக்கிறது?

அக்கா

*

மார்ச் 15

தம்பி,

நேற்றுப் போன வண்டி இன்று திரும்பியது. வாசலிலேயே நின்று வண்டிக்காரரைப் பிடித்தேன்.

"கடிதம் கொடுத்தானா?"

"இல்லக்கா."

"ஆளைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். வரப்புல உக்காந்திருந்தாரு. கூப்பிட்டேன், கையை மட்டும் ஆட்டினாரு. உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றதும் எனக்குப் பயம் கூடிவிட்டது. காய்ச்சல் என்றால்கூடத் தேவலை.

நானே உனக்காகக் காரணம் தேடிப் பார்த்தேன். பறவை எச்சத்தில் விதை வந்திருக்கும் என்று ஒருநாள். மூன்று பாத்தியும் உப்புக் குறைந்த இடமாக அமைந்துவிட்டது என்று இன்னொரு நாள். பிறகு உன் தோள் வலி ஞாபகம் வந்தது. பிறகு அந்தத் தொட்டி. அதற்கு மேல் தேட எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணன் குத்தகைக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "என் தங்கச்சி விதை வருது" என்று அவர்களிடம் சொன்னாராம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவர்கள் இப்போது பக்கத்து நிலத்துக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் கையெழுத்து ஆகவில்லை. ஆவதற்குள் நான் அண்ணனுக்கு ஏதாவது ஒன்று எழுதியாக வேண்டும். எதை எழுத?

உன்மேல் கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் வரவில்லை. கையும் ஓடவில்லை. நேற்று ஒரு கதிரில் இரண்டு பையை எடுத்துவிட்டு மூன்றாவதை மறந்து உறை மாட்டிவிட்டேன். ஊசிதான் பார்த்தாள். வழக்கமாக ஒரு வாரம் சொல்லிக் காட்டுவாள், நேற்று உறையைக் கழற்றிக் கதிரைக் கிள்ளிப் போட்டதோடு சரி.

எழுது.

அக்கா

*

மார்ச் 28

அக்கா,

எழுதுகிறேன்.

டிசம்பர் கடைசியில் இரண்டாவது உப்புத் தண்ணீர் பாய்ச்சினேன். ஒரு வாரத்தில் நாற்பத்தேழின் இலை நுனி கருகத் தொடங்கியது. பன்னிரண்டில் முதலில் கருகியது அதுதான். மற்றதெல்லாம் பச்சையாக நின்றன. அப்போதுதான் உன் ஜனவரிக் கடிதம் வந்தது. ஒரு வார்த்தை எழுது, பொய்யாவது எழுது என்று.

எனக்கு எழுத வரவில்லை. செய்ய வந்தது. அடுத்த தடவை பாய்ச்சும்போது நாற்பத்தேழின் மூன்று பாத்திக்கு மட்டும் மடையை மண்ணால் அடைத்தேன். மேற்பார்வையாளர் மதியம் தூங்கும் நேரத்தில் தொட்டியிலிருந்து கேனில் பிடித்துச் சுமந்து ஊற்றினேன். ஒரு நாளைக்கு ஒரு பாத்தி, பாத்திக்குப் பத்து கேன். ஒரு தடவை மட்டும், பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான் தொடங்கினேன். பிழைத்தது. பிறகு நிறுத்தினால் கருகிவிடும் என்று பயம். நிறுத்தவில்லை.

நான்காவது பாத்தியில் ஊற்ற முடியவில்லை. ஜன்னலுக்கு எதிரே. தூக்கத்தில் புரண்டாலும் கண்ணில் பட்டுவிடும். அது உப்புத் தண்ணீரில்தான் நிற்கிறது. குட்டையாக, நுனியெல்லாம் கருகி. கதிர் வந்திருக்கிறது, சின்னது.

நீ யாரிடமும் சொல்லாதே அக்கா. அறுவடைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. மணத்தக்காளியை எல்லாம் பிடுங்கிவிட்டேன். எடை போட்டு மூட்டை கட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. உன் பெயர் காகிதத்தில் வந்துவிடும். அண்ணன் நிலத்தில் அது நின்றாலும் நிற்கலாம். அண்ணன் நிலத்து உப்பு இவ்வளவு இருக்காது.

நீ படிக்காதவள் என்று ஒரு ஆள் மதிக்கவில்லையே உன்னை. அதற்காகத்தான்.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

அக்கா நலமில்லை. ஆனால் எழுந்து நடக்கிறேன். நீ சாப்பிடு, அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு நாள் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். குளிக்கும்போது மட்டும் எடுத்து அலமாரிக்கு மேல் வைத்தேன். மாமா "என்னடி, சிரிப்பையே காணோம், பல்லு வலியா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்லுதான் என்று சொல்லி அவர் கொண்டுவந்த கிராம்பைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

நீ சொன்னபடி வாயை மூடிக்கொள்ளலாமா என்றும் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. என் பெயர் அச்சில் வருவதை நினைத்தேன். அடுத்து அண்ணன் மடித்துக் கட்டிக்கொண்டு விதைப்பதை நினைத்தேன். கடைசிக் காணி வரைக்கும் விதைப்பார். தங்கச்சி விதை அல்லவா. ஒரு மாதத்தில் நுனி கருகும். அப்போது அவர் வரப்பில் எப்படி நிற்பார் என்று கண்ணுக்குள் வந்தது. அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை.

கண்ணாடியம்மா தனியாக இருந்தபோது போனேன். உன் பேச்சை எடுக்கக்கூடாது என்று போகும்போதே முடிவு பண்ணியிருந்தேன்.

"அம்மா, நாற்பத்தேழை எடுத்துடுங்க. அது உப்புத் தண்ணியில வளரல."

"யார் சொன்னா?"

"களை சொல்லுச்சும்மா. அவ பாத்தியில மணத்தக்காளி பழுத்திருக்கு."

அவர் இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். "களைக்குத் தண்ணி ஊத்தினது யாரு?" என்றார்.

நான் இடுப்பில் உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னிடம் இல்லை, மேசையைப் பார்த்து, "மதிப்பெண் தாள்ல நாலாவது பாத்தி மட்டும் குறைஞ்சிருந்துது. அந்த மூலையில உப்பு ஜாஸ்தின்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். மண்ணை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கணும். எனக்கும் அவ ஜெயிக்கணும்னு ஆசை" என்றார்.

அதன்பிறகு உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கடைசி மூன்று வரியை மட்டும் மடித்துப் பிடித்துக்கொண்டேன், அது எனக்கு எழுதியது.

உனக்கு வேலை இருக்காது. அறுவடை வரை மேற்பார்வையாளரோடு வேறு ஆள் வருகிறார். நீ வண்டியில் திரும்ப வேண்டும். நான் உனக்குச் செய்தது துரோகமா என்று நூறு தடவை கேட்டுக்கொண்டேன். ஆனால் இன்னொரு தடவை நடந்தாலும் இதையேதான் செய்வேன்.

அண்ணனுக்கும் எழுதிவிட்டேன். அதுதான் கஷ்டமான கடிதம். நாலு வரி, நாலு மணி நேரம்.

வீட்டுக்கு வா.

அக்கா

*

ஏப்ரல் 14

தங்கைக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் குத்தகைக்காரர்கள் பக்கத்து நிலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் ஓடிப்போய்க் கேட்டேன். சிரித்தார்கள். "தங்கச்சி விதை என்னாச்சு?" என்றார்கள். மண் வெட்டும் இயந்திரம் வந்து நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் குளம் வந்தால் அந்த உப்புத் தண்ணீர் என் பக்கம்தான் ஊறும். இருக்கிற உப்பு போதாது என்று.

உங்கள் இரண்டு பேர் பாசத்துக்கும் என் நிலம்தான் கிடைத்ததா?

அவன் இங்கே வரவேண்டாம். நீயும் இப்போதைக்கு எழுதாதே.

அண்ணன்

*

ஆகஸ்ட் 9

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். மாமாவும் நலம், குறட்டை இப்போது இரண்டு ராகத்தில் வருகிறது. நீ வீட்டுக்கு வரவே இல்லை. வண்டியை விட்டு இறங்கியவன் நேரே சந்தைக் கிடங்குக்குப் போய் மூட்டை தூக்குகிறாய் என்று வண்டிக்காரர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அந்தத் தோளுக்கு மூட்டை ஒன்றுதான் குறைச்சலாக இருந்தது! தைலம் வைத்திருக்கிறேன்.

மூன்று கடிதம் போட்டேன், மூன்றுக்கும் நீ பதில் போடவில்லை. இது நாலாவது. இதற்குப் போடாவிட்டால் நேரே கிடங்குக்கு வந்து எல்லோர் முன்னாலும் உன் காதைத் திருகுவேன்.

எடையைச் சொல்கிறேன், நீ கேட்கமாட்டாய் என்றாலும். நாற்பத்தேழின் மூன்று பாத்தியையும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டார்கள். நான்காவது பாத்தியில் ஐந்நூறு கிராம். முப்பத்தொன்று நாலு பாத்தியிலும் எண்ணூறுக்குக் குறையவில்லை. ஊசியின் மொட்டைதானடா! நான் போய், "உன் மொட்டை நின்னுட்டாடி" என்றேன். அவள் நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து முறைத்தாள். முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினாள். பிறகு இரண்டு பேரும் உறை ஒட்ட உட்கார்ந்தோம். அன்று அவள் எனக்கும் சேர்த்து ஒட்டினாள்.

ஆனால் ஒரு வருஷக் கணக்கில் எதையும் வெளியிட முடியாதாம். அதுவும் கெட்டுப்போன வருஷம். இன்னொரு வருஷம் போட்டுப் பார்க்க வேண்டும், இந்தத் தடவை பண்ணையில் இல்லை, நிஜமாகவே உப்பில் செத்துக்கொண்டிருக்கிற ஒரு குடியானவன் நிலத்தில். கண்ணாடியம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அண்ணனிடம் அவரே நேரில் போனார். நான் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அண்ணன் ஜீப்புக்கு வந்தார். நாலு மாதமாகப் பார்க்காத முகம். வணக்கம் இல்லை, நலமா இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"விதைக்கட்டும். ஆனா தண்ணி பாய்ச்ச வேற ஆள் வேண்டாம். அவன் வரணும். என் கிணத்து உப்புத் தண்ணியை என் கண்ணு முன்னாடி அவன் கையாலயே திறந்துவிடணும். எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா?"

"உன் மகளையும் சேர்த்துத்தான்."

பன்னிரண்டில் நாற்பத்தேழும் போகிறது தம்பி. தோற்றவளையும் இரண்டாவது வருஷம் போட்டால்தான் தோற்றது தோற்றதுதானா என்று தெரியுமாம்.

அண்ணன் பேசமாட்டார். திட்டக்கூட மாட்டார், அதுதான் உனக்கு வலிக்கும். போவாயா? நான் கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

அன்புடன் அக்கா

*

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அண்ணனும் அண்ணியும் நலம். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

வந்து ஐந்து வாரம் ஆகிறது. மோட்டார் அறையில் படுக்கிறேன். அண்ணி தட்டு கொண்டுவந்து வைப்பார். அண்ணன் "மோட்டாரைப் போடு", "நிறுத்து" என்று இரண்டே சொல் பேசுவார். வேலிக்கு அந்தப் பக்கம் குளம் நிறைந்து நிற்கிறது. இந்தப் பக்கம் வரப்போரம் ஈரம் தெரிகிறது.

நவம்பர் 29 அன்று முதல் உப்புத் தண்ணீர். அண்ணன் நடு வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் இல்லை, ஆனாலும் குடை. ஒவ்வொரு மடையாக வெட்டிவிட்டு வந்தேன். நாற்பத்தேழின் மடைக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. மண்ணை அள்ளியும் விட்டது. அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, "உனக்கு மட்டும்தான் அக்காவாடா, எனக்குத் தங்கச்சி இல்லையா?" என்றார். மண்ணை வெளியே எறிந்துவிட்டு வெட்டினேன். தண்ணீர் உள்ளே போனது. நாலு பாத்திக்கும் அப்படியே வெட்டிவிட்டேன்.

இன்று பதின்மூன்றாம் நாள். நாற்பத்தேழில் நாலு பாத்தியிலும் இலை நுனி கருகுகிறது. விரற்கடை அளவு. முப்பத்தொன்றில் இரண்டு பாத்தியில் மட்டும், அதுவும் மயிரிழை அளவு. மற்றப் பத்தும் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். உன் மகள் இந்த வருஷமும் தேறமாட்டாள் அக்கா. இதை எழுத எனக்குப் போன வருஷமே முடிந்திருக்க வேண்டும். இப்போதுதான் முடிந்தது.

அண்ணன் படித்துப் பார்த்த பிறகுதான் கடித உறையை ஒட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கொடுக்கிறேன்.

தம்பி

இவன் எழுதியிருப்பது சரி. நானும் போய்க் குனிந்து பார்த்தேன். — அண்ணன்